பார்சல் அக்காவின் முட்டை

நேற்று சாயங்காலம் நான் அந்தப் பெட்டியை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, அப்படியே சிமெந்துத் தரையில் போட்டேன். நீங்கள் இரண்டு பேரும் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைக்கத் தொடங்கிவிட்டது. வவுனியா அத்தையின் புது வீட்டுக்காக நீங்கள் வரைந்து கண்ணாடிச் சட்டம் போட்ட படம் அதற்குள் இருக்கிறது என்று நினைத்துவிட்டீர்கள். படம் மேசை மேல்தான் இருந்தது. பெட்டிக்குள் இருந்தது ஒரு முட்டை. "ஒங்க அப்பாவுக்கு இது பழைய வருத்தம்" என்று அம்மா சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

காய்ச்சல் மாதிரி அந்த வருத்தம் எனக்கு யாரிடமிருந்து தொற்றியது என்று இதுவரை உங்களுக்குச் சொன்னதில்லை. நான் ஓ.எல். வரைக்கும் படித்தவன். கட்டுரை எழுதுகிற ஆள் இல்லை. பேசுகிற மாதிரியே எழுதுகிறேன், பிழை இருந்தால் சிரிக்காமல் வாசியுங்கள்.

நீங்கள் பிறப்பதற்கு முன்னால் நான் கண்டியில் குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் முச்சக்கர வண்டி ஓட்டினேன். எங்கள் தரிப்பிடத்துக்கு எதிரே ஒரு போன் திருத்தும் கடையும், ஒரு முஸ்லிம் நானாவின் பலசரக்குக் கடையும் இருந்தன. இரண்டுக்கும் நடுவில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு கடை நெருக்கிக்கொண்டு நின்றது. ஒரு ஆள் இரண்டு கையையும் நீட்டினால் இரண்டு சுவரும் தட்டும். அதுதான் பார்சல் அக்காவின் கடை. சொந்தப் பெயர் என்னவென்று நான் கேட்டதில்லை. என் போனிலும் 'பார்சல் அக்கா' என்றுதான் இருந்தது.

யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்பு, கொழும்பு என்று தூரப் பயண பஸ்களில் சாமான் அனுப்புகிறவர்கள் முதலில் அக்காவிடம் வருவார்கள். அக்கா கட்டிக் கொடுப்பார். நான் அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் கண்டக்டர் கையில் கொடுப்பேன். அந்தப் பக்கத்தில் சொந்தக்காரர் வந்து எடுத்துக்கொள்வார். இவ்வளவுதான் தொழில்.

அக்காவின் இடது கையில் வளையல் கிடையாது. செலோடேப் சுருள்தான் இரண்டு மூன்று கிடக்கும். கத்தரிக்கோலை ஒரு நூலில் கட்டி இடுப்பில் தொங்கவிட்டிருப்பார். கடைக்குள்ளே இலவம் பஞ்சு, தையல் கடை வெட்டுத்துணி, மரத்தூள், டிவி பெட்டிக்குள் வருகிற வெள்ளை ரெஜிபோம் துண்டு எல்லாம் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும். என் வண்டியின் பழைய சீட்டு ஸ்பஞ்சையும் ஒரு நாள் உரித்து எடுத்துக்கொண்டார். பழைய பத்திரிகையை மட்டும் தொடவே மாட்டார். "பேப்பரு மொதக் குலுக்கல்லயே படுத்துரும் தம்பி. பெறகு சாமான் தனியா ஆடும்" என்பார்.

சாமானின் விலையை அக்கா கேட்டு நான் பார்த்ததில்லை. யார் வந்தாலும் ஒரே கேள்விதான்.

"இது ஒடஞ்சா யாரு அழுவா?"

ஒருமுறை ஒரு ஐயா விலை கூடிய ஒரு மெஷினைக் கொண்டுவந்தார். "யாரும் அழ மாட்டாங்க, கம்பனி வேற தரும்" என்றார். அக்கா அதற்கு வெட்டுத்துணி வைத்துக் கட்டினார். அதே நாள் ஒரு சின்னப் பிள்ளை, கொழும்பில் வேலை செய்யும் தன் அப்பாவுக்குப் பூ வரைந்த ஒரு கோப்பையைக் கொண்டுவந்தது. கேள்வியைக் கேட்டதும் அந்தப் பிள்ளையின் வாய் கோணிக்கொண்டு போனது. பதிலே தேவைப்படவில்லை. அந்தக் கோப்பைக்கு இலவம் பஞ்சு, அதற்கு மேல் ஸ்பஞ்சு, அதற்கும் மேல் ரெஜிபோம்.

கட்டி முடிந்ததும் சோதனை. பக்கத்துக் கடை நானாவிடம் ஒரு முட்டை வாங்கி, சாமானை எடுத்துவிட்டு அந்த இடத்தில் முட்டையை வைத்துப் பெட்டியை மூடுவார். பிறகு கொண்டுவந்தவர் கையிலேயே கொடுத்து, "போடுங்க" என்பார். "இடுப்பு ஒசரத்துல இருந்து போடுங்க. அவங்க போடுறதுக்கு முன்னால நாம போட்டுப் பாத்துக்கணும்."

முட்டை உடைந்தால் எல்லாவற்றையும் பிரித்து மறுபடியும் கட்டுவார். உடையாவிட்டால் முட்டையை வெளியே எடுத்து, காதுக்குப் பக்கத்தில் வைத்து ஒருமுறை ஆட்டிப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் சாமான் உள்ளே போகும். தப்பிய முட்டை அன்று பகல் எனக்கோ போன் கடைப் பொடியனுக்கோ பொரியலாகும். நானா கேலி செய்வார்: "தங்கச்சி, ஒங்கட கையால தப்பின முட்டைய இவனுகள் திங்கிறானுகள். அந்தக் கோழிக்கு என்ன பதில் செல்றது?"

அக்கா யாரையும் திட்டிப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் பெட்டி கட்ட உட்கார்ந்துவிட்டால் உலகத்தில் ஒருவரையும் நம்ப மாட்டார். "வழியில ஒரு நல்லவன் வருவான்னு நெனச்சு பொட்டி கட்டக் கூடாது தம்பி. தூக்கி வீசுறவன், மேல ஒக்காருறவன், தண்ணி ஊத்துறவன் எல்லாரும் ஒரே பஸ்ஸுல ஏறிட்டாங்கன்னு நெனச்சுக் கட்டணும்." பெட்டி மேல் 'கண்ணாடி', 'கவனம்' என்று எழுத விடமாட்டார். எழுதினால் சிலருக்குக் கை துறுதுறுக்கும் என்பார்.

இதில் ஒரு வேடிக்கை. இந்த அக்கா தூரப் பயணமே போனதில்லை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டுவதற்குள் வாந்தி வந்துவிடும். ஆனால் எந்தப் பாதையில் எந்த இடத்தில் பஸ் தூக்கிப் போடும் என்று கண்டக்டர்மாரிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்து வைத்திருப்பார். "மாத்தளைக்கு அங்கால ரோட்டு இப்ப எப்புடி? அந்தப் பள்ளத்த மூடிட்டாங்களா?" என்று, ஏதோ தன் வீட்டு வாசல் மாதிரி விசாரிப்பார்.

பெட்டிக்குப் பொட்டு வைக்கிற பழக்கம் நடுவில் வந்தது. அக்கா கட்டிய ஒரு பெட்டி மேல் ஒரு பெரியவர் தம்புள்ளை வரைக்கும் உட்கார்ந்து போய்விட்டார். உள்ளே சாமான் தப்பிவிட்டது. அக்காவுக்குத்தான் மனசு ஆறவில்லை. அதே பஸ்ஸில் ஒரு கோயில் பிரசாதப் பெட்டியும் போயிருக்கிறது. அதன் மேல் சந்தனமும் குங்குமமும் இருந்ததால் ஒருவரும் உட்காரவில்லை, காலுக்குக் கீழே தள்ளவுமில்லை. தமிழர், சிங்களவர் எல்லாரும் ஒதுங்கி வழி விட்டிருக்கிறார்கள். இதைக் கண்டக்டர் வந்து அக்காவிடம் சொன்னார். அடுத்த நாள் முதல், யாராவது அழக்கூடிய பெட்டி என்றால் மேலே ஒரு சந்தனப் பொட்டும் அதன் நடுவில் குங்குமமும் வைத்தார்.

"சாமிய வேலைக்கு வச்சிட்டீங்களா அக்கா?" என்று நான் கேட்டேன்.

"சம்பளம் கேக்காத ஆளு" என்றார்.

நானா விடவில்லை. "என்ட சுவர் மணிக்கூட்ட மச்சானுக்கு அனுப்பணும். அதுக்கு நீங்க பொட்டு வைக்க ஏலாதே. என்ன செய்யப் போறீங்க?"

அக்கா யோசித்துவிட்டு, பெட்டியில் பெரிய எழுத்தில் 'வட்டலப்பம்' என்று, ஆடினால் குலைந்துபோகிற பெருநாள் இனிப்பின் பெயரை எழுதினார். அந்த மணிக்கூடு ஒரு பக்கம் சாயாமல், குலுங்காமல் மட்டக்களப்புக்குப் போய்ச் சேர்ந்தது. போய்ச் சேர்ந்த இடத்தில் கரண்டியோடு காத்திருந்தார்களாம்.

இனி வயலின் கதைக்கு வருகிறேன்.

ஒரு நாள் காலையில் புசல்லாவைப் பக்கத் தேயிலைத் தோட்டத்து அண்ணன் ஒருவர் ஊன்றுகோலோடு என் வண்டியில் வந்து இறங்கினார். ஒரு கால் முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டு. நெஞ்சோடு ஒரு நீளமான கறுப்புப் பெட்டியை அணைத்துக்கொண்டிருந்தார். அக்காவின் கண் முதலில் போனது காலுக்கு.

"யாரு கட்டினது?"

"ஆஸ்பத்திரியிலம்மா. லயத்து வீட்டுப் படியில வழுக்கிட்டேன்."

அக்கா குனிந்து பார்த்தார். "நல்ல கட்டு. ஓரத்துல பஞ்சு தெரியுது பாருங்க. அங்கதான் மத்தவங்க கோட்ட விடுவாங்க."

"அந்தக் காலையும் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிராதீங்க தங்கச்சி" என்றார் நானா.

அண்ணன் சிரிக்கவில்லை. கறுப்புப் பெட்டியைத் திறந்தார். உள்ளே வயலின். மகள் யாழ்ப்பாணத்தில் சங்கீதம் படிக்கிறாள். லீவில் வந்தபோது வயலினில் தந்தி முறுக்கும் ஒரு திருகாணி வெடித்திருந்ததால், கண்டியில் திருத்தக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். இப்போது பரீட்சையை முன்னால் இழுத்துவிட்டார்களாம்.

"வர்ற கெழம வாசிச்சிக் காட்டணும். அதுல தவறினா இன்னொரு வருசம் இருந்து படிக்கணும். அதுக்கு எங்கனால ஏலாது அம்மா. படிப்ப விட்டுட்டு வந்துருவேன்னு சொல்லுது. நானே கொண்டு போயிருப்பேன், இந்தக் கால வச்சிக்கிட்டு எப்புடிப் போக?"

"இது ஒடஞ்சா யாரு அழுவா?"

"நான் அழுவேன். அவ அம்மா அழுவா." அண்ணன் ஊன்றுகோலை மாற்றிப் பிடித்தார். "அது அழுவாது. வாயத் தொறக்காம இருந்துரும். அதத்தான் பாக்க ஏலாது."

அக்கா அன்று கட்டிய மாதிரி நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. இலவம் பஞ்சைக் கையால் பிய்த்துப் பிய்த்து மெத்தையாக்கினார். சுற்றிலும் ரெஜிபோம். வயலினை ஒரு துவாயில் கிடத்திவிட்டு, வெறும் கறுப்புப் பெட்டிக்குள் முட்டையை வைத்து, அதை அட்டைப் பெட்டிக்குள் இறக்கி ஒட்டி, அண்ணன் கையில் கொடுத்தார். அவர் ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு, என் தோளில் சாய்ந்துகொண்டு, கண்ணை மூடிக்கொண்டு போட்டார். முட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்கா காதில் வைத்து ஆட்டிப் பார்த்து, அதை அண்ணனிடமே கொடுத்தார். வயலின் உள்ளே போனது. மேலே பொட்டு. அன்று பொட்டு வழக்கத்தை விடக் கொஞ்சம் பெரிது.

நான் கொண்டு போய் யாழ்ப்பாண பஸ்ஸில் கொடுத்தேன். கண்டக்டர் நல்ல பிள்ளை. பொட்டைப் பார்த்ததும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

அடுத்த நாள் அக்காவின் போனுக்கு ஒரு படம் வந்தது. வயலினின் மேல் பலகை ஒரு ஓரத்தில் பசை விட்டு எழும்பி, வாய் பிளந்த மாதிரி நின்றது. அண்ணனின் பிள்ளை எதுவும் எழுதியிருக்கவில்லை. படம் மட்டும்தான். அக்கா இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார், பிறகு என்னிடம் நீட்டினார். கையிலிருந்த செலோடேப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பிள்ளைக்குப் போன் எடுத்தார்.

"பொட்டி எப்புடி வந்துச்சு?"

"பொட்டியில ஒரு கீறல் கூட இல்லக்கா. நல்லா கட்டியிருந்தீங்க." பிள்ளைதான் அக்காவுக்கு ஆறுதல் சொன்னது. "இங்க ஒருத்தர்கிட்ட காட்டினேன். ஒட்டிக் குடுப்பாராம். ஆனா காயணுமாம், பரீட்சைக்கு முன்னால ஏலாதாம்."

"கூடப் படிக்கிற பிள்ளைங்கக்கிட்ட?"

"எல்லாருக்கும் அதே பரீட்சைதானேக்கா. அவங்களும் ராப்பகலா பழகுறாங்க. எப்புடிக் கேக்க?"

"அழுவுறியா?"

"இல்லக்கா."

அக்கா போனை வைத்தார். "அழுவலையாம்" என்று எங்களிடம் சொன்னார்.

பஸ் திரும்பி வந்ததும் கண்டக்டரைக் கூட்டிவந்தேன். அக்கா அவனைப் பிடித்து ஏசப் போகிறார் என்று நினைத்தேன். அவன் சிரித்துக்கொண்டே வந்தான்.

"அக்கா, ஒங்க பொட்டிய மகாராசா மாதிரி கொண்டு போனேன். பொட்டு வச்ச சாமான கால்மாட்டுல போட மனசு வரல. முன்னால எஞ்சின் மூடி மேல புதுத் துணி விரிச்சி, சாமி படத்துக்கு நேர் கீழ வச்சேன். பூ போட்டேன், ஊதுபத்தியும் காட்டினேன். டிரைவர் கூட கும்பிட்டுத்தான் பஸ்ஸ எடுத்தாரு. ஒருத்தரக் கிட்ட அண்ட விடல."

முன் கண்ணாடி வழியாக வடக்கத்தி வெயில். கீழே எஞ்சின் சூடு. யாழ்ப்பாணம் வரைக்கும்.

அக்கா அவனை ஏசவில்லை. "நல்லது தம்பி, போய்ட்டு வா" என்றார். அவன் போன பிறகு வெட்டுத்துணி மூட்டை மேல் உட்கார்ந்தார்.

"எல்லாக் கெட்டவனுக்கும் சேத்துக் கட்டினேன் தம்பி. நல்லவன் ஒருத்தன் வந்துட்டா என்ன செய்றதுன்னு எனக்குத் தெரியல."

உடனே எழுந்து என் வண்டியில் ஏறினார். அந்தப் பிள்ளைக்கு முதலில் வயலின் சொல்லிக் கொடுத்த டீச்சர் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் இருக்கிறார் என்று அண்ணனிடம் போனில் கேட்டு வைத்திருந்தார். போகும் வழியில் பாலத்துக்கு இந்தப் பக்கமே ஒருமுறை வண்டியை நிறுத்தச் சொல்லி, ஓரமாகக் குனிந்துவிட்டு வந்து ஏறினார்.

டீச்சர் படத்தைப் பார்த்தார். "பயப்படாதீங்க, இது செத்துப் போகல. அந்தப் பசை சூட்டுக்கு எளகும். திருத்த வேண்டி வந்தா பலகையக் கழட்டணுமே, அதுக்குத்தான் அப்படிப் பசை. ஒட்டினா பழையபடி பாடும்." உள்ளே போய்த் தன் வயலினைக் கொண்டுவந்தார். "பரீட்சைக்கு இதக் குடுக்கிறேன். ஆனா பார்சல்ல அனுப்ப விட மாட்டேன். ஒரு ஆள் மடியில வச்சிக் கொண்டு போறதா இருந்தா தாறேன்."

"நான் போறேன் அக்கா" என்றேன்.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ தம்புள்ளையில எறங்கி டீ குடிப்ப."

மறுநாள் காலை அக்கா யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறினார். ஒரு பையில் மோந்து பார்க்கத் தேசிக்காய், இன்னொரு பையில் வாந்திக்கு வெறும் பைகள். செலோடேப் இல்லாத கையைப் பார்க்க எனக்கு யாரோ போல இருந்தது. புறப்படுவதற்கு முன் நானாவிடம் ஒரு முட்டை வாங்கினார். "பயணம் போற ஆளுக்குப் பச்ச முட்டை என்னத்துக்கு?" என்று நானா கேட்டார். அக்கா அதை முகம் துடைக்கிற லேஞ்சியில் சுற்றிக்கொண்டார். வாந்திக்கு ஏதோ கைமருந்து என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அதே கண்டக்டர்தான். அவனுக்கு விசயம் தெரிந்து முகம் வாடியிருந்தது. "இங்க குடுங்கக்கா, இந்தத் தடவ முன்னால நெழல்ல வைக்கிறேன்" என்று கை நீட்டினான்.

"சாமிக்குப் பக்கத்துல வேணாம் தம்பி. எனக்குப் பக்கத்துலயே இருக்கட்டும்" என்று ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, வயலின் பெட்டியைப் பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டார். பஸ் திரும்பும்போது பார்த்தேன். கண்ணை இறுக்கி மூடியிருந்தார்.

பிறகும் கொஞ்சக் காலம் அக்கா அங்கே கடை வைத்திருந்தார். பொட்டு வைப்பதை மட்டும் விட்டுவிட்டார். பெட்டி கொடுக்கும்போது கண்டக்டரிடம், "இத ரொம்ப நல்லாவும் பாத்துக்காதப்பா, சும்மா சாமான் மாதிரி நெழல்ல வச்சிரு" என்பார். அதன் பின் தன் மகளோடு இருக்கப் போய்விட்டார். இப்போது அந்த இடத்தில் போன் கவர் விற்கிறார்கள்.

அந்தப் பிள்ளை பாஸாகிவிட்டது. டீச்சரின் வயலினைத் தானே மடியில் வைத்துக் கொண்டுவந்து திருப்பிக் கொடுத்தது. அன்று என் வண்டியில்தான் கட்டுகஸ்தோட்டைக்குப் போனது. போகும் வழியில் சொன்னது.

யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் அக்கா இறங்கியபோது தலை கலைந்து, முகம் வெளிறி, நிற்கவே முடியாமல் இருந்தாராம். பிள்ளை ஓடிப் போய்ப் பெட்டியை வாங்கக் கை நீட்டியிருக்கிறது. "இரு" என்று அக்கா தடுத்துவிட்டு, அங்கேயே கடை வாசலில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து, வயலினுக்குப் பக்கத்தில் இருந்த லேஞ்சியைப் பிரித்திருக்கிறார். உள்ளே முட்டை. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, காதில் வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "இந்தா, இப்ப வாங்கிக்க" என்று வயலினைக் கொடுத்தாராம்.

"அதுக்குப் பெறகுதான் அண்ணே நான் அழுதேன்" என்றது பிள்ளை.

"முட்டை?"

"அக்கா பரீட்சை வரைக்கும் எங்கூடத்தான் இருந்தாங்க. அன்னிக்கிக் காலையில அவிச்சி, ஆளுக்குப் பாதி சாப்பிட்டோம்."

இதுதான் அந்த வருத்தம். நேற்றுப் போட்ட பெட்டியை நீங்கள் தூங்கிய பிறகு திறந்து பார்த்தேன். முட்டை உடையவில்லை. மேசையில் கோப்பைக்குள் வைத்திருக்கிறேன். படத்தை உள்ளே வைத்து ஒட்டிவிட்டேன், நாளைக்கு வவுனியா பஸ்ஸில் போகும். பள்ளிக்கூடம் போகுமுன் அம்மாவிடம் சொல்லி முட்டையை அவித்து, சண்டை பிடிக்காமல் பாதி பாதி சாப்பிடுங்கள்.